பின்சீட்டு மௌனம்

தீவின் கடைசிப் படகு கிளம்பும் நேரம் நெருங்கிவிட்டது. “மெயின் ரோட்டுலயே போயிருக்கலாம்” என்ற மனைவி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்சீட்டுக்கு மாறியிருந்தாள். அவனோ பிடித்த பிடியை விடாமல் கிராமத்துக் குறுக்குப்பாதையிலேயே காரை விரட்டினான்.

ஆடுகள் ஓடிவிடாமலிருக்க வழியெங்கும் இரும்புக் கேட்டுகள். ஒவ்வொன்றையும் அவள்தான் இறங்கித் திறந்தாள். கார் கடந்ததும் மூடிவிட்டு ஏறி, கார்க் கதவை அறைந்து சாத்தினாள். கடைசிக் கேட்டைத் தாண்டி நின்றான். பின்னால் படாரென்று சத்தம் வந்ததும் பறந்தான்.

துறையில் படகு ஊதிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் அவளிடமிருந்து மூச்சுப் பேச்சில்லை.

“சரிம்மா, தப்பு என் மேலதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசேன்.”

கல்யாணமானதிலிருந்து முதன்முறையாக இறங்கிவந்தவன், திரும்பிப் பார்த்தான். சீட்டில் அவளுடைய கைப்பையும் போனும் மட்டும் இருந்தன.

படாரென்று சாத்தியது காரின் கதவல்ல, ஆட்டுக் கேட்.