புரட்டாத குவியல்

மரத்தை எரித்து மின்சாரம் எடுக்கும் அந்த ஆலையில் லோடர் ஓட்டுபவள் தங்கை. ஆலையே வேண்டாம் என்று அதன் கேட்டுக்கு வெளியே நின்று கோஷம் போடுபவள் அக்கா. ஆலைச் சுவரை ஒட்டிய ஒரே தெருவில்தான் இருவருக்கும் வீடு. ஆனாலும் முகம் கொடுத்துப் பேசி ஒரு மழைக்காலமே கழிந்துவிட்டது.

அக்காவுக்குச் சலவைக்கடை. கொடியில் வெள்ளையாக ஏறும் ஆஸ்பத்திரி விரிப்புகள் ஆலைத் தூசு படிந்து பழுப்பாக இறங்கும். "துவைச்சதா, தரையைத் துடைச்சதா?" என்று கேட்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் போராட்டக்காரி.

தூசு தங்கையின் கையிலிருந்துதான் கிளம்பியது. மலைபோல் குவிந்த ஈர மரச்சில்லு சும்மா கிடக்காது. உள்ளே புழுங்கிச் சூடேறி, விட்டால் தானே பற்றிக்கொள்ளும். தினமும் லோடரால் அள்ளிப் புரட்டி ஆற வைக்க வேண்டும். புரட்டும்போது, உறங்கும் பெரிய விலங்கொன்று பெருமூச்சு விடுவதுபோல ஆவி எழும். ஆவியோடு தூசும் எழுந்து தெருவுக்குப் போகும்.

தூசுப் புகார் பற்றி அரசு அதிகாரி நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டம் நெருங்கியபோது, சில்லு குவித்திருக்கும் யார்டுக்கு மேனேஜர் வந்தார்.

"கூட்டம் முடியற வரைக்கும் குவியலத் தொடாதம்மா. வானம் பளிச்சுனு இருக்கணும்."

"புழுங்கிடும் சார். உள்ளுக்குள்ளயே பத்திக்கும்."

"நல்ல வாய் உனக்கு! விருந்தாளி வர்ற நேரத்துல யாராவது ஒட்டடை அடிப்பாங்களா? போனப்புறம் அடிச்சுக்கலாம்."

முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் கணவனை நினைத்தாள். அந்த வீடு அவளுடைய ஒரே வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து குவியலைத் தொடவில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். கம்பெனிச் சட்டை போட்டவர்களுக்கு முன்வரிசை; தங்கையும் அங்கேதான். அக்கா மூச்சு வாங்கப் பேசி முடித்ததும் மேனேஜர் சாந்தமாக எழுந்தார்.

"ஜன்னலுக்கு வெளியே பாருங்க, தூசு எங்க இருக்கு? இவங்க கூடப்பிறந்த தங்கச்சியே நம்மகிட்டதான் வேலை பாக்குறாங்க. அவங்களே சொல்லட்டும். இந்த வாரம் தூசு வந்துச்சாம்மா?"

மண்டபமே திரும்பியது. அக்காவும் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, நம்பிக்கைதான் இருந்தது. தங்கையால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இல்ல" என்றாள்.

அது சத்தியம். ஏன் இல்லை என்பது நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"வீட்டையே திருத்த முடியல, ஊரைத் திருத்த வந்துட்டாங்க!" என்று பின்னால் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. புகாருக்கு ஆதாரமில்லை என்று சொல்லி அதிகாரி எழுந்துகொண்டார். அக்கா யார் முகத்தையும் பாராமல் வெளியேறினாள்.

"இப்போ புரட்டிக்கோம்மா." வெயில் சாயும் முன்பே மேனேஜரின் உத்தரவு வந்தது.

லோடரின் அள்ளும் பக்கெட்டைக் குவியலுக்குள் விட்டு இழுத்தாள். சில்லு கரியாக வந்தது. "தண்ணி வண்டியக் கூப்பிடுங்க சார்!" என்று கத்துவதற்குள் திறந்த ஓட்டை வழியே காற்று புகுந்தது. குபீரென்று எரிந்தது. மேனேஜர் கேட்டைப் பார்த்து ஓடினார். தெருவை ஒட்டிய அடுத்த குவியலை நோக்கிப் பொறிகள் பறந்தன.

போன் அடித்தது. அக்கா.

"எங்கடி இருக்க?"

"வண்டில."

"இறங்கி ஓடி வாடி, சனியனே! இங்கேர்ந்தே தெரியுது!"

"காத்து எந்தப் பக்கம்க்கா அடிக்குது?"

இருமல் மட்டும் கேட்டது. பிறகு, "நம்ம பக்கம்தான்."

"அவரைத் தூக்கிட்டு வெளிய போயிடு. அவரால எந்திரிக்க முடியாதுக்கா."

"தூக்குறேன். நீ இறங்குடி முதல்ல. மண்டபத்துல நடந்ததெல்லாம் விடு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"கேக்கணும்க்கா" என்றாள் தங்கை.

கண்ணாடிக்கு வெளியே புகை தவிர ஒன்றும் தெரியவில்லை. அடுத்த குவியல் இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பிடித்து, அது பற்றுமுன் சுவரை விட்டுத் தள்ளிவிட வேண்டும் என்று, பக்கெட்டைத் தாழ்த்தி வண்டியை முன்னால் விட்டாள்.