டீ அறையில் கிடந்த கிளை

குளிர்காலத்தில் பைன் மரத்தின் ஊசியிலைகள் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் வெளிச்சத்தில் தங்கள் உணவைச் சமைப்பதை நிறுத்திவிட்டுத் தூங்கும். விழும் வெளிச்சத்தை அவை திருப்பி அனுப்பும் விதம் மாறிவிடும். குளிர் விட்டதும் மறுபடி மாறும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, என் கருவிக்குத் தெரியும்.

குளிர் விட்டு, எங்கள் ஆய்வுக்கூட வளாகத்தில் எல்லா மரமும் முழித்துவிட்டது. கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும் வயசான பைன், நான் 'கிழவன்' என்று கூப்பிடும் மரம், மட்டும் அசையவில்லை. கருவியின் திரையில் அவனுடைய கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. மரம் செத்துவிட்டதென்று மேலாளர் முடிவு கட்டி, மரம் வெட்டும் என் அண்ணனையே அன்று வரச் சொல்லிவிட்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அளந்த மரம் அது.

ஆத்திரத்தோடு டீ போடப் போனேன். ஹீட்டர் பக்கத்தில், வாளித் தண்ணீரில், கிழவனின் கிளை! போன வாரம் அளப்பதற்காக ஒடித்தது. குளிர் அறையில் இருக்க வேண்டியது.

"டேய் மறதி!" என்று கத்தினேன். என் கூட்டாளிக்கு நான் வைத்த பட்டப்பெயர் அது.

"ஐயோ, அன்னைக்கு டீ குடிச்சிட்டுக் கொண்டு போலாம்னு வச்சேன்க்கா..."

"உன்னை வச்சுக்கிட்டு நான் படுற பாடு இருக்கே! சூட்டுல வச்சா இலை முழிச்சுக்கும், அளவெல்லாம் நாசமாப் போயிடும்னு உனக்கு எத்தனை..."

வாய் பாதியில் நின்றுவிட்டது. முழித்துக்கொள்ளும். உயிர் இருந்தால்தானே முழிக்கும்!

வாளியோடு கருவியிடம் ஓடினேன். ஊசிகளைப் பிய்த்து, இடைவெளி விடாமல் பாய் போல அடுக்கி, விளக்கைப் போட்டேன். கோடு ஜிவ்வென்று ஏறியது.

"அடி சக்கை!" மறதி மேசையைத் தட்டிக் குதித்தான்.

அதே நேரம் வெளியே ரம்பம் உறுமியது. கம்பளிச் சட்டைகூடப் போடாமல் வெளியே பாய்ந்தேன்.

"அண்ணா, நிறுத்து! நிறுத்துண்ணா!"

நிறுத்தினான். அதற்குள் பட்டையில் விரல் ஆழத்துக்கு வெட்டு விழுந்திருந்தது.

"என்னடி, பேயைக் கண்ட மாதிரி ஓடி வர்ற?"

"உசுரோட இருக்குண்ணா! இங்க நிழல்ல இன்னும் ஐஸே உருகல, அதான் எழுந்திருக்கல. இதோட கிளை உள்ள சூட்டுல முழிச்சிடுச்சு!"

"ஒரு கிளை முழிச்சா ஆச்சா?"

"செத்த மரத்துக் கிளையா இருந்தா சருகாத்தான் ஆகியிருக்கும். மேலாளர்கிட்ட நான் பேசிக்கிறேன், நீ ரம்பத்தக் கீழ வை!"

வைத்தான். கையுறையைக் கழற்றி, அந்த வெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டான்.

"அப்ப தூங்குறதையாடி வெட்ட வந்தேன்?" என்றான்.