கமிஷனர் அம்மாவுக்கு இரங்கல் கூட்டம்

உயிரோடு இருந்தவரை அந்தக் குடியிருப்பில் அவளுக்குக் கமிஷனர் என்று பெயர், அதுவும் முதுகுக்குப் பின்னால் மட்டும். கண்ணை மூடிய மறுநாளே தெய்வமாகிவிட்டாள். இத்தனை சீக்கிரத்தில் இப்படியொரு பதவி உயர்வு யாருக்கும் கிடைத்ததில்லை.

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு இரங்கல் கூட்டம். முன்வரிசையில் அவள் கணவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். லிஃப்டில் அவளைக் கண்டால் படியேறிப் போனவர்களெல்லாம் மைக்கைப் பிடித்து உருகினார்கள். "அதிர்ந்து ஒரு வார்த்த பேச மாட்டாங்க" என்றார் மூன்றாம் மாடி பல் டாக்டர். காரைக் குறுக்கே நிறுத்தியதற்கு அவள் அவரை வாங்கு வாங்கென்று வாங்கியதில் தெருவே கூடியது, போன மாதம்தான்.

அடுத்து சங்கச் செயலாளர். யார் செத்தாலும் அவரிடம் இருப்பது ஒரே உரை; ஆளுக்குத் தகுந்தாற்போல் அங்கங்கே மாற்றிக்கொள்வார். இந்தத் தடவை ஓரிடம் விட்டுப்போயிற்று. "மீச முரட்டு மீசதான், மனசு மட்டும் குழந்த மனசு" என்று தொண்டை கரகரக்கப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள்.

கணவர் ஒவ்வொருவர் பேச்சையும் உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் காது கிழியக் கேட்ட குரலை வீட்டில் எங்கே தேடியும் காணோம். இங்கேயாவது நாலு பேர் வாயில் அவள் இருப்பாள் என்று நம்பி வந்திருந்தார். இவர்களோ யாரோ ஒரு சாதுவுக்கல்லவா அழுகிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டால் அவருக்கே அவள் மறந்துவிடுவாள்போல் இருந்தது.

கடைசியாகக் கீழ்வீட்டுத் தையல்காரி எழுந்தாள். மேல்வீட்டு ஈரத்துணி சொட்டுகிறது என்று கமிஷனரோடு தினமும் மல்லுக்கு நின்றவள்.

"சரியான சண்டக்காரி" என்றாள். "பிழிஞ்சு காயப்போடுன்னா, உன் தலையில இருக்கற பேன் குளிக்கட்டும்னு சொல்லுவா. நானும் விடமாட்டேன். ஜுரம் வந்து நான் படுத்த அன்னிக்கு, சண்டைக்கு ஆளக் காணோமேன்னு கதவத் தட்டினா. மாத்திர வாங்கிட்டு வந்து, திட்டிக்கிட்டேதான் முழுங்க வெச்சா."

செயலாளர் பதறிப்போய் மைக்கைப் பிடுங்க வந்தார். "போனவங்களப் பத்தி இப்படியா பேசுறது? உக்காருங்கம்மா."

கணவர் எழுந்தார். பஸ்ஸில் ஹாரன் அடித்ததோடு சரி; வீட்டில் சத்தம் போடும் பொறுப்பையெல்லாம் மனைவியிடம் விட்டுவிட்ட மனுஷன்.

"நீங்க உக்காருங்க சார்." அந்த அதட்டலில் பின்வரிசை வரை நிமிர்ந்து உட்கார்ந்தது. "காலையிலேருந்து இவங்க ஒருத்தர்தான் என் வீட்டுக்காரியப் பத்திப் பேசுறாங்க."

தையல்காரி பக்கம் திரும்பினார். கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நீ சொல்லும்மா. வேற என்னெல்லாம் திட்டினா?"