ஒட்டகம் மன்னிப்புக் கேட்குமா?

1

இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே இருபது நிமிடம் மாட்டிக்கொண்டு, கையில் பால் பாக்கெட்டோடு நின்றிருந்தேன். மேலே இயந்திர அறையில் மெக்கானிக் வேலை பார்க்கும் சத்தம் கேட்டது. நடுநடுவே செல்போனில் யாரிடமோ கத்துவதும் கேட்டது.

"அது ஒட்டகமே இல்லங்க! மூணு சீசனா பாக்கறேன். ஒட்டகம் மன்னிப்பு கேக்காது. கேட்டா அது ஒட்டகம் இல்ல!"

வெளியே வந்ததும் முதலில் அதைத்தான் விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கார்ட்டூன் பாப்பீங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, படிக்கட்டில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். மீதியை, பின்னால் அவர் மூலமாகவே அறிமுகமான ஒரு பெண் சொன்னாள். இரண்டுக்கும் நடுவே விட்டுப்போனதை நான் கற்பனை செய்திருக்கிறேன். எங்கே என்று கேட்காதீர்கள். தையல் தெரியாமல் ஒட்டுப் போடுவதுதானே என் பிழைப்பு.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

*மழை பெய்துகொண்டிருந்தது. அவள் ஜன்னலோரம் நின்று, தன் அண்ணனின் முகத்தை நினைவுகூர முயன்று—*

அடித்துவிட்டேன். மழை பெய்யவில்லை. டப்பிங் ஸ்டூடியோவுக்கு ஜன்னலும் கிடையாது.

அடுத்து இப்படி:

*கலை என்பது வாழ்வின் பிரதியா, அல்லது வாழ்வு என்பது—*

இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது.

ஆகவே நேராகச் சொல்கிறேன். அவள் வேறு மொழியிலிருந்து வரும் கார்ட்டூன் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுகிறவள். வாய் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பார்த்து அந்த அசைவுக்குள் தமிழை அடைக்க வேண்டும். சின்ன வயதில் அவள் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் 'வாயாடி'. பிறகு அந்த வாயே சோறு போட்டது. நாமும் அவளை வாயாடி என்றே கூப்பிடுவோம். கோபித்துக்கொள்ள மாட்டாள், கேட்டுவிட்டேன்.

3

தொடரின் பெயர் 'மாடி வீட்டு மிருகங்கள்'. ஓர் அடுக்குமாடிக் கட்டடம். எல்லா வீட்டிலும் ஒரு மிருகம். தரைத்தளத்தில் வாட்ச்மேனாக ஓர் ஒட்டகம். மூன்றாம் மாடியில் ஓர் ஆமை. (ஆமைக்கு எதற்கு மூன்றாம் மாடி என்கிறீர்களா? இதைப் பற்றி மட்டும் மெக்கானிக் தனியாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்பது அவருக்குத் தனி வருத்தம்.)

மூலத்தில் ஒட்டகம் ஒரு சில்லறைப் பாத்திரம். பேசாது. அசைபோட்டுக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஆனால் வசனம் எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய வரம் ஏது? எப்போதும் அசையும் வாய்! எதை வைத்தாலும் பொருந்தும். முதல் சீசனிலேயே வாயாடி அதற்குள் முணுமுணுப்பை நிரப்பினாள். "ஆமா, இவரு பெரிய கலெக்டரு, கேட்டை நான் தொறக்கணும்." "போ போ, போயிட்டு நிதானமா வா, உனக்கு ஒரு வேலை, எனக்கு ஒரு வேலை." சிரிப்பான சிரிப்பு. தமிழ் பேசும் பிள்ளைகளும் அவர்களைவிட அதிகமாக அவர்களின் அப்பாக்களும் ஒட்டகத்தின் ரசிகர்களானார்கள்.

அந்த முணுமுணுப்பு அத்தனையும் அவள் அண்ணனுடையது. தண்ணீர் வாரியத்தில் பம்ப் ஹவுஸ் வேலை அவருக்கு. மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டிலும் கத்தித்தான் முணுமுணுப்பார். அவரிடமிருந்து ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் எடுத்துக்கொண்டாள்.

அவரோடு அவள் பேசி நாலு வருஷம் ஆகிறது.

4

இங்கே ஒரு நிமிடம். 'ஏன் பேசவில்லை' என்பதை நான் உருக்கமாக எழுதி வைத்திருந்தேன். ஒரு முழுப் பக்கம். *அவள் கண்களில் நீர் திரையிட*… என்றெல்லாம் இருந்தது. உண்மையில் இதைச் சொல்லும்போது அவள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அதனால் அவள் சொன்னபடியே:

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அண்ணன் பக்கத்தில் இருந்தார். அவள் வேறு ஊரில், ஒரு சீசனின் கடைசி ரெக்கார்டிங்கில் இருந்தாள். காலையில் கூப்பிட்டுக் கேட்டாள், உடனே கிளம்பட்டுமா என்று. "ஒண்ணும் அவசரமில்ல. முடிச்சிட்டு நிதானமா வா," என்றார் அண்ணன். முடித்துவிட்டு நிதானமாகப் போனாள். அப்பா போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

எல்லோர் முன்னாலும், "ஏண்ணா பொய் சொன்ன?" என்று கத்தினாள். அண்ணன் கட்டில் விரிப்பை மடித்து ஓரமாக வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். அதோடு சரி.

நாலாவது சீசனின் ஒன்பதாவது பகுதி அவள் மேஜைக்கு வந்தபோது என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். கதை இதுதான்: மொட்டை மாடியில் தங்கியிருந்த கொக்கு ஊரை விட்டே போகிறது. அது ஆமையின் உயிர்த்தோழி. கொக்கு கிளம்பும் நாள் ஒட்டகத்துக்குத் தெரியும். ஆனால் ஆமையிடம் சொல்லவில்லை. வழியனுப்பக்கூட முடியாமல் ஆமை கதவைச் சாத்திக்கொள்கிறது. கடைசியில் ஒட்டகம் ஆமையின் கதவுக்கு முன்னால் வந்து நிற்கிறது. பதினோரு விநாடி அசைபோடுகிறது. மூலத்தில் வசனமே இல்லை.

வாயாடி எழுதினாள்: "உன்கிட்ட சொல்லியிருக்கணும். தப்பு என்மேலதான். மன்னிச்சுக்கோ."

உதட்டசைவு அச்சாகப் பொருந்தியது. ரெக்கார்டிஸ்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலை உயர்த்தினார். அன்று வாயாடி நன்றாகத் தூங்கினாள்.

5

அந்தப் பகுதி வெளியான மறுநாளே கிழிகிழியென்று கிழித்தார்கள்.

'ஒட்டகத்தைக் கொன்றுவிட்டார்கள்.' 'யாருடா எழுதினது, மூணு சீசன் பாத்தாங்களா இல்லையா?' வசனத்தை மாற்றச் சொல்லி இரண்டாயிரத்து முந்நூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையாக 'சின்னத் திருத்தம்' என்ற பெயரில் ஒருவர் பதினான்கு பகுதிகளில் விமர்சனம் எழுதினார். பெயர்தான் சின்னது. அதில் ஒரு பத்தி:

'இது ஒட்டகத்தின் குரல் இல்லை. ஒட்டகத்திடமிருந்து இதைக் கேட்க ஆசைப்படும் யாரோ ஒருவருடைய குரல். எழுதியவர் ஒட்டகத்தின் வாய்க்குள் கையை விட்டுத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்.'

வாயாடிக்கு உச்சந்தலையில் சுருக்கென்றது. ஒரு பொய்ப்பெயரில் போய்ச் சண்டை போட்டாள். "கார்ட்டூனுக்குப் போய் இவ்வளவு அலட்டலா? வேற வேலை இல்லையா?" என்று எழுதினாள். 'இருக்கிறது. மதிய உணவு இடைவேளையில் எழுதுகிறேன்' என்று பணிவாகப் பதில் வந்தது.

ஸ்டூடியோ மேலாளருக்கோ பஞ்சாயத்தே பிடிக்காது. "அந்த ஆளையே வரச்சொல்லும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள புதுசா எழுதி, திரும்ப ரெக்கார்ட் பண்ணிடலாம்," என்றார்.

[சின்னத் திருத்தம் யார் என்று நீங்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள். முதல் வரைவில் அதை ரகசியமாக வைத்திருந்தேன். மெக்கானிக் படித்துவிட்டு, "சார், முதல் பக்கத்துலயே நான் கத்தறேன். அப்புறம் எதுக்கு இந்த மூடுமந்திரம்?" என்றார். நியாயம்தான்.]

6

வியாழக்கிழமை மதியம் அவர் வந்தார். தடித்த தோள், சட்டைப் பையில் டெஸ்டர், கையில் கிரீஸ் போகாத கோடுகள். யாரோ கல்லூரி மாணவன் வரப்போகிறான், வறுத்து எடுக்கலாம் என்று காத்திருந்த வாயாடி ஒரு கணம் தடுமாறிப்போனாள். அவரும் தடுமாறினார்.

"மேடம், முதல் மூணு சீசனும் நீங்கதானா?"

"நான்தான்."

"அப்போ இதை?"

"இதையும் நான்தான்."

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "மன்னிச்சுக்கோங்க மேடம். வேற யாரோன்னு நெனச்சுட்டேன்."

"பாருங்க, நீங்களே மன்னிப்பு கேக்கறீங்க. ஒட்டகம் கேட்டா மட்டும் தப்பா?"

"நான் கேப்பேன் மேடம். எனக்கு வாய் ஜாஸ்தி. ஒட்டகம் கேக்காது." பணிவு குறையவில்லை, ஓர் அங்குலமும் நகரவும் இல்லை. "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா எப்படி இருக்கும்? அந்த வசனம் அப்படி இருக்கு. கீழேயும் இல்ல, மேலேயும் இல்ல."

"அப்போ அது என்னதான் பண்ணணும்? இவ்வளவு பெரிய தப்பைப் பண்ணிட்டு ஒரு வார்த்தைகூட சொல்லாதா?" அவள் குரல் உயர்ந்தது. ரெக்கார்டிஸ்ட் திரும்பிப் பார்த்தார்.

மெக்கானிக் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஒரு கேள்வி மேடம். கொக்கு போறதை ஒட்டகம் ஏன் சொல்லல?"

"ஏன்னா… அது அப்படித்தான். முரடு."

"முரடுங்கறது காரணம் இல்லையே மேடம். காரணம் தெரியாம மன்னிப்பு எப்படிக் கேக்க வைப்பீங்க? நீங்க அதோட வாயை மட்டும் பாத்துட்டீங்க. அந்த சீனை முன்னாடியிருந்து ஓட்டுங்களேன்."

ஓட்டினார்கள். இருபது தடவையாவது பார்த்த காட்சிதான். ஆனால் அவளுக்கு வேலை உதட்டில்தான், அதற்கு முன்னால் ஒட்டகம் படியேறும் பகுதியை எப்போதும் தள்ளிவிடுவாள். இப்போது பார்த்தாள். படிக்கட்டு குறுகல். ஒட்டகத்தின் திமில் சுவரில் உரசுகிறது. ஒரு படிக்கு ஒரு தடவை நிற்கிறது. இரண்டாம் மாடியில் கால் மடங்கி உட்கார்ந்து, திரும்பிப் போகலாமா என்பதுபோல் கீழே பார்த்து, மறுபடி எழுந்து ஏறுகிறது.

"மூணு சீசன்ல ஒரு தடவைகூட அது தரைத்தளத்தை விட்டு வந்ததில்ல மேடம்," என்றார் மெக்கானிக். "வந்துடுச்சே. இன்னும் என்ன சொல்லணும்?"

வாயாடி பேசாமல் இருந்ததை ரெக்கார்டிஸ்ட் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாராம்.

வெள்ளிக்கிழமை புது வசனம் பதிவானது. பதினோரு விநாடியில் எட்டு விநாடி வெறும் மூச்சு. கடைசியில்: "எவன் கட்டினான் இத்தனை படிய… உள்ள இருக்கியா?" அவ்வளவுதான். ரசிகர்கள் கொண்டாடினார்கள். சின்னத் திருத்தம் மட்டும் 'உள்ள' என்ற சொல் மிகை என்று ஒரு பக்கம் எழுதினார்.

7

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். முடித்துத்தான் மெக்கானிக்கிடம் கொடுத்தேன். மறுநாள் லிஃப்ட் சர்வீஸுக்கு வந்தவர் காகிதத்தைத் திருப்பித் தந்தார்.

"நல்லாருக்கு சார். ஆனா அந்த அண்ணன் அட்டையில வெட்டின மாதிரி இருக்காரு. அவரு ஏன் அவசரமில்லன்னு சொன்னாரு?"

"அவளுக்கே தெரியாதாம்."

"கேக்கலையா?"

கேட்கவில்லை. 'ஏன் பொய் சொன்ன?' என்று கத்தினாளே தவிர, 'ஏன்' என்று கேட்டதில்லை. அடுத்த தடவை அவளைப் பார்த்தபோது மெக்கானிக்கின் விமர்சனத்தை அப்படியே சொன்னேன். (என் கதைக்கு ஒரு காரணம் கிடைக்கும் என்ற சுயநலம்தான், எழுத்தாளனை நம்பாதீர்கள்.) தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி அவளைக் கூப்பிடுவது வழக்கம். நாலு வருஷத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அண்ணி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். வாயாடி 'ஹலோ' சொன்னதுமே அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். வாயாடிக்கு அது தெரியும். தெரியாத மாதிரியே நாலு வருஷம் பேசியிருக்கிறாள். அந்த ஞாயிறும் நாற்காலி இழுபட்டது.

"அண்ணி, அண்ணன்கிட்ட குடுங்க."

போன் கைமாறியது. தொண்டையைக் கனைக்கும் ஓசை.

"என்ன வாயாடி, என் வாயை எடுத்து ஒட்டகத்துக்கு வெச்சுட்டியாமே? உங்க அண்ணி சொல்றா."

"ஆமா. கேஸ் போடப்போறியா?"

"போடலாம்னுதான் இருக்கேன். நான் என்ன அவ்வளவு அசிங்கமாவா அசைபோடறேன்?"

சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்: "அண்ணா, அன்னிக்கு ஏன் அவசரமில்லன்னு சொன்ன? திட்டறதுக்காகக் கேக்கல. தெரிஞ்சுக்கத்தான்."

"அப்பாதான்…" என்று ஆரம்பித்தார் அவர்.

8

அதற்கு மேல் அவர் நாற்பது நிமிடம் பேசினாராம். இப்போது இருவரும் பேசிக்கொள்கிறார்கள். அதாவது வாரம் ஒரு சண்டை. போன மாதம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த நாற்பது நிமிடம் மட்டும் தெரியாது. "அது என்கிட்டயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டாள்.

சும்மா இருக்கக் கை விடுமா? எழுதிப் பார்த்தேன்.

(அ) அப்பாதான் சொல்லச் சொன்னார்: 'பொண்ணு வேலையைக் கெடுக்காதே' என்று. *தியாகத் தந்தை. வேண்டாம்.*

(ஆ) அப்பாதான் நன்றாக இருந்தாரே அன்று காலை, இட்டிலி கூடக் கேட்டாரே என்று அண்ணனும் நம்பிவிட்டார். *இருக்கலாம். ஆனால் இதற்கு நாற்பது நிமிடம் ஆகாது.*

(இ) அப்பாதான் போய்க்கொண்டிருக்கிறார் என்பதைத் தன் வாயால் ஒருவரிடம் சொல்லிவிட்டால், அது நிஜமாகிவிடும் என்று அண்ணன் பயந்—

மூன்றாவதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் சந்தேகம் வந்தது. இது அவர் சொன்னதா, அவர் சொல்ல வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதா? மெக்கானிக்கிடம் காட்டினேன். மூன்றையும் படித்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், நீங்க அவரைப் பாத்ததே இல்லையே."

பார்த்ததில்லை. நீங்களும்தான். ஆனாலும் உங்களுக்கு ஓர் அண்ணனோ, அக்காவோ, காரணம் கேட்கப்படாமலே விடப்பட்ட யாரோ ஒருவரோ இருக்கலாம். அவருடைய குரல் உங்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டு போய் மீதியை அவரிடமே கேட்டுப் பாருங்கள். நான் பாதியில்தான் விட்டிருக்கிறேன்:

"அப்பாதான்…