தலையைத் தூக்க வைக்காத தொடர்

கிரேன் ஓட்டுகிறவருக்கு வலது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது. ஒட்டவைத்து, அது நகராமலிருக்க உள்ளே வாயுவை அடைத்து அனுப்பியிருந்தார்கள். பத்து நாள் குப்புறவே கிடக்க வேண்டும், தலையைத் தூக்கினால் ஒட்டியது பிய்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னதை அவர் மனைவி மனப்பாடம் செய்துகொண்டாள்.

கட்டில் விளிம்புக்கு வெளியே நீட்டிய முகம்; கீழே தரையில் டேப்லெட். நல்லதாக இருந்த இடது கண்ணால் அவர் படம் பார்ப்பார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பிடரியைப் பார்ப்பாள்.

என்ன படம் போடுவது என்பதுதான் பாடு. கொழுந்தன் போனில் பட்டியல் வாசித்தான்.

"வீட்ல ரெஸ்ட் எடுக்கிறவங்க பாக்க இருபது படம்னு போட்டிருக்கான், அண்ணி. மொதல்ல ஒரு பேய்ப்படம்."

"திடுக்குனு தலையத் தூக்கிடுவாரு."

"காமெடி?"

"சிரிச்சா கட்டிலே குலுங்குது."

"அழுகாச்சிப் படம்?"

"மூக்கச் சிந்தக் கூடாதாம்."

"அப்போ நியூஸ் போட்டு விடுங்க."

"எந்திரிச்சு சண்டைக்கே போயிடுவாரு உங்கண்ணன்."

கடைசியில் ஒரு துப்பறியும் தொடர் அகப்பட்டது. ஒரே கொலை, முப்பத்திரண்டு பகுதி. அதிகாரி வீடு வீடாகப் போய் நிதானமாகக் கேள்வி கேட்பார். எங்காவது துப்பாக்கி வெடிக்கிறதா என்று தான் முதலில் சமையலறையில் ஓட்டிப் பார்த்த பிறகே அவள் அவருக்குப் போட்டாள்.

"இவன் விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள கொலகாரன் வயசாகிச் செத்துடுவான்" என்று நான்கு நாள் திட்டினார். ஐந்தாம் நாள் அடங்கிவிட்டார். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னக் கர்வம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரை ஓர் இடத்தில் இருத்திவைக்க அவளால் முடிந்ததேயில்லை.

ஏழாம் நாள் மதியம் அவள் துவைத்த துணியை மடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அதிகாரி யாரோ ஓர் அக்காவை விசாரிக்கும் குரல் கேட்டது.

"அவ மூஞ்சியப் பாரு" என்றார் அவர். "பொய் சொல்றா."

அவள் குனிந்து பார்த்தாள். படம் சிக்கி நின்றிருந்தது, குரல் மட்டும் ஓடியது. திரையில் ஒரு பூட்டிய கேட், ஆள் யாருமில்லை.

மெதுவாகத் திரையின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"இப்ப என்ன பண்றா?"

"கண்ணத் தொடைக்கிறா. நடிப்பு."

 கையை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"என்னங்க. எப்போலேருந்து?"

 அவர் பிடரியில் வேர்வை பூத்தது.

"முந்தாநாள் இடது கண்லயும் ஓரமா கறுப்பா ஏறுச்சு. இப்ப மேல கொஞ்சந்தான் வெளிச்சம்."

"சொல்லக் கூடாதா?"

"அதையும் அறுப்பாங்க. ரெண்டும் இல்லாதவனுக்கு எவன் கிரேன் குடுப்பான்?"

இரண்டு நாளாக அவர் பயந்து கிடந்ததைத்தான் தன் சாமர்த்தியம் என்று எண்ணி மகிழ்ந்திருக்கிறாள். கழிவறைக்குக் கைபிடித்து அழைத்துப்போனபோதுகூடத் தெரியவில்லை. குனிந்த தலைதானே என்று முகத்தைப் பார்க்காமலே விட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் போனை எடுத்த நர்ஸ், உடனே கூட்டி வாருங்கள், தலை மட்டும் நிமிரக் கூடாது என்றாள்.

"மூணு மாடி எறங்குனா ஒட்டவெச்ச கண்ணும் போயிடும்" என்றார் அவர். "விட்டுடு. ஒன்னாவது மிஞ்சட்டும்."

"எது மிஞ்சும்னு நீங்க கண்டீங்களா?" கேட்டுவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொழுந்தன் வேனோடு கீழே வந்து நின்றான். லிஃப்ட் கிடையாது. அவள் அவருக்கு முன்னால், அவரைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே இறங்கினாள். அவர் இரண்டு கையும் அவள் தோளில்.

"படி. இன்னொரு படி. மெதுவா."

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் நின்றுவிட்டார். "அந்தக் கொஞ்சம் வெளிச்சம் இன்னும் இருக்கு. ஒரே ஒரு தடவ உன்னப் பாத்துக்கறேன்" என்று முகத்தை நிமிர்த்தத் தொடங்கினார்.

அவளுக்கும் அது வேண்டியிருந்தது. வேறெதையும்விட வேண்டியிருந்தது. அவர் பிடரியில் இரண்டு கையும் கோத்து, வலிக்கும்படி, தன் பலமெல்லாம் கொடுத்துக் கீழே அழுத்தினாள்.

"படி" என்றாள்.