நேர்ந்துவிட்ட சேவலுக்கு அலகு கோணல்

1.

இந்தக் கதை எனக்கு மொட்டைமாடியில் கிடைத்தது. துணி காயப்போட ஏறினேன் என்று எழுதினால் எங்கள் சாரம் பேட்டையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கத்தான் ஏறினேன். கையில் ஒரு ஈரத்துண்டு இருந்தது, மரியாதைக்கு.

கீழே தனக்கொடி ஒரு சேவலை மடியில் இடுக்கிக்கொண்டு கம்மங்கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் அவள் புருஷன் கலியமூர்த்தி, பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்தவர், தன் முறைக்குக் காத்திருந்தார். சேவலுக்கு முதல் பந்தி. புருஷனுக்கு இரண்டாம் பந்தி.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஊனமுற்ற ஒரு பறவையிடம் ஒரு பெண் கொண்ட பேரன்பு...'

[அடித்துவிட்டேன். அன்பாவது ஒன்றாவது. பயத்தில் வளர்க்கிறாள்.]

கலியமூர்த்தி விழுந்த வாரம், தனக்கொடி புழக்கடையில் பொரித்த குஞ்சு ஒன்றைப் பிடித்தாள். காலில் மஞ்சள் துணி கட்டி முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்டாள்.* அவர் எழுந்து தெருவில் நடந்தால் இது உனக்கு.

நாலாவது வாரம் அலகு கோணிற்று. மேலலகு இந்தப் பக்கம், கீழலகு அந்தப் பக்கம், மூட மறுக்கும் கத்தரிக்கோல் மாதிரி. கொத்தினால் தானியம் வராது, மண்தான் வரும்.

(* சேவலா பெட்டையா என்று தெரியாத வயது. சேவலாகவே அமைந்தது. அதிர்ஷ்டம் அதோடு சரி.)

3.

பூசாரி பலராமனைக் கூட்டிவந்து காட்டினாள். வார நாளில் அவருக்கு மேட்டுப்பாளையத்தில் அட்டைப்பெட்டி கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாமி.

"குறை இருக்கற உருப்படிய வெட்ட முடியாது தனக்கொடி. குத்தமாயிடும்."

"அப்ப வேற ஒண்ணு வாங்கியாந்து வுட்டுடறேன்."

"நேந்து வுட்டத மாத்துனா, குடுத்த உசுர சாமியும் திருப்பி எடுத்துக்குவாரு."

"அதுவா செத்துட்டா?"

பலராமன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

ஆக, வெட்டவும் கூடாது, மாற்றவும் கூடாது, சாகவும் விடக்கூடாது. அன்றிலிருந்து மூன்று வேளையும் ஊட்டல். தேயாமல் நீளும் அலகு நுனியைப் பத்து நாளுக்கொரு தடவை நகவெட்டியால் நறுக்குவாள்.

"மாப்பிளைக்கு நகம் வெட்டியாச்சா?" என்று மேலிருந்து கேட்டேன்.

"வேலயப் பாருக்கா. கீழ வந்து அமுக்கிப் புடிக்க மாட்ட, மேல நின்னு வாயடிக்க மட்டும் வந்துடுவ."

இந்த இடத்தோடு நின்றிருந்தால் நல்ல வேடிக்கைக் கதை.

4.

போன செவ்வாய்க்கிழமை கலியமூர்த்தி தானாக எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரடி. இன்னோரடி. நாலாவது அடியில் வாசற்படிக்கு வந்துவிட்டார்.

தனக்கொடி சேவலை உதறிவிட்டு ஓடினாள். நான் வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன்: 'ஆனந்தக் கண்ணீர் பெருக அவரைக் கட்டி...'

கட்டிக்கொள்ளவில்லை. மார்பில் இரண்டு கையையும் வைத்துக் கட்டில் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள்.

"படுய்யா. உன்ன யாரு எழுந்துக்கச் சொன்னது?"

அவருக்கு நாக்கு குழறும். "ந... நடக்க..."

"நடந்தா குடுக்கணும்யா. எத எடுத்துக் குடுப்பேன், உன்னயா?"

கதவு சாத்தப்பட்டது.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண் ஹேமலதா அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள், விழுந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் நடக்க வைக்காவிட்டால் கால் இறுகிப்போகும், பிறகு எழுப்பவே முடியாது என்று. இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

(இதை அச்சில் போட்டால் தெருவுக்குத் தெரியாதா என்பீர்கள். பேர்களை மாற்றிவிட்டேன். அலகை மாற்ற முடியவில்லை.)

5.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

சேவலைப் பூனை கடித்துவிடுகிறது. அடுத்த வரியிலேயே தனக்கொடி கலியமூர்த்திக்கு ஊட்டுவதை நிறுத்திவிட்டாள், இனி எதற்கு என்று. பேனாவை மூடினேன்.

பலராமன் மனமிரங்கி, "சாமி மூக்கப் பாத்தா சாப்புடுது?" என்கிறார். அருமையான வசனம், ஆனால் என்னுடையது. நேரில் போய், இதை ஒரு தடவை அவளிடம் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். "நீ வேணா ஒம் பேருல சொல்லு. எங்கூட்லயும் புள்ளைங்க இருக்குது" என்றார்.

நான் மாடியிலிருந்து இறங்கிப் போய்...

[பாதியில் நிற்கிறது. போகவில்லையே, எப்படி எழுத?]

6.

நேற்று ஹேமலதா அவர்கள் வீட்டிலிருந்து வெளியே வந்து என் கேட்டருகே நின்றாள்.

"ஆன்ட்டி, இந்தத் தெருவுல உங்களுக்குத் தெரியாம எதுவும் நடக்காதாமே. அவரு நடக்க முயற்சி பண்றாரா? அசையவே மாட்டேங்கறாருன்னு அவங்க சொல்றாங்க. அதான் உண்மைன்னா அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரல. வேற பேஷன்ட்டுங்க காத்துட்டிருக்காங்க."

அவளுக்குப் பின்னால் வாசலில் தனக்கொடி, கையெல்லாம் கூழாக. கண் காட்டவில்லை, தலையாட்டவில்லை. என் வாயையே பார்த்தாள்.

சொன்னால் இந்தப் பெண் அவரைத் தெருவில் நடத்திவிடுவாள். நேர்ச்சை வந்து வாசலில் நிற்கும். சொல்லாவிட்டால் அவர் கால்...

யாரும் கேட்காமலே ஊர்க்கதை பேசிய வாய் இது. கேட்டபோது சொன்னது:

"......................................"

இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் பார்த்து. தனக்கொடி கதவைத் திறந்துபோட்டுவிட்டுத்தான் வந்து நிற்கிறாள். கட்டிலில் கிடப்பவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.