மைக் பிடித்த கணவர்

இருபது வருடமாக தேவாலயத்தில் வேதம் வாசித்து வந்தவர் அந்த எலக்ட்ரீஷியன். இந்த ஞாயிறு போதகர் அவருடைய மனைவியை வாசிக்கச் சொல்லிவிட்டார். "நல்லா படி" என்று வாய் சொன்னாலும் அவருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது.

அவள் வாசிக்கத் தொடங்கியதும் ஸ்டாண்டின் திருகு நழுவி, மைக் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அவளும் கூடவே குனிந்தாள். யாரோ களுக்கென்று சிரிக்க, அவள் குரல் நடுங்கியது. அவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் அவள் காலடியில் முட்டிபோட்டு, கடைசி வரி வரைக்கும் மைக்கைத் தூக்கிப் பிடித்தார்.

வெளியே வந்ததும் அவள், "எப்படிங்க படிச்சேன்?" என்றாள்.

"என்னைவிட நல்லா படிச்ச. அடுத்த வாரமும் நீயே படி. அதுக்குள்ள திருகை மாத்திடறேன், என் முட்டி தாங்காதும்மா."

அவள் சிரித்துக்கொண்டே குனிந்து, அவர் பேண்ட்டில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.